பேசியவருக்குப் பாதுகாப்பு



திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை. 2021 ஜனவரியில் அங்கே தையல் வேலை பார்த்த 20 வயதுப் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். மாதக்கணக்கில் அவர் தொல்லை கொடுத்து வந்ததாக உடன் வேலை பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

பிறகு! முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் அந்தத் தையல் வரிசையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைக்கு மேல் நின்று எண்ணிக்கை கேட்பவர் ஆண். யாரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமோ, விடுப்புக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டி.டி.சி.யூ. தொழிற்சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பெரிய நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன.

ஒப்பந்தத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? 25 தொழிலாளருக்கு ஒருவர் என்று அந்த வரிசையிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்தது. அவரும் பக்கத்து மெஷினில் தைப்பவர்தான். யார் கத்தினார், யார் தகாத வார்த்தை சொன்னார், யாருக்குக் கழிப்பறைக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். நிர்வாகத்தோடு உட்கார்ந்து அதைப் பேசுவார். பேசியதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எது தொல்லை, எது மிரட்டல் என்ற பயிற்சி தொழிலாளருக்கு மட்டுமல்ல, மேற்பார்வையாளருக்கும் மேலாளருக்கும் உண்டு. முதல் ஆண்டில் 185 குறைகள் வந்தன, 182 தீர்ந்தன. அந்த 185 என்ற எண்ணைக் கண்டு முதலாளிகள் முகம் சுளிக்கத் தேவையில்லை. புகாரே வராத ஆலையைத்தான் நான் சந்தேகிப்பேன்.

கலந்து பேசினால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். போதாது. முதலாளியே நடுநாற்காலியில் உட்கார்ந்து, "யாருக்காவது ஏதாவது குறை உண்டா?" என்றால் எந்தப் பெண் எழுந்திருப்பாள்? பட்டிமன்றத்தை நேசிக்கும் காரைக்குடிக்கு நடுவரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டு அணிக்கும் சேராத ஒருவர் பேச்சை நடத்த வேண்டும்.

பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும், தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவர் வெளியாள். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சுவரில் பெயர்ப்பலகை மாட்டி வைப்பதைக் குழு என்று நான் ஏற்கமாட்டேன்.

நம் பக்கத்தில் முறுக்கும் சீப்புச் சீடையும் சுடும் இடங்களில் நாலைந்து பெண்கள்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்க உரிமை உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களுக்காக, கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் திருத்தியது. எத்தனை கடையில் அந்த இருக்கை இருக்கிறது என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள்.

கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மாதமே ஒரு மாலை கடையை ஒரு மணி நேரம் முன்னதாக மூடுங்கள். வெளியிலிருந்து விவரம் தெரிந்த ஒரு பெண்ணை அழைத்துப் பேச்சை நடத்தச் சொல்லுங்கள். உங்கள் பணிப்பெண்கள் முதலில் பேசட்டும். அந்த ஒரு மணி நேரச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.