புதர் வெட்டும் யந்திரம் எது?

தில்லியின் புறநகர்களில் குடியேறியிருக்கும் நம்மவர் பலருக்கு அடுத்த வீட்டைக் காட்டிலும் அடுத்த காலி மனையே அதிகக் கவலை தருகிறது. ஜூலையில் மழை பிடித்தால், செப்டம்பருக்குள் அங்கே ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிவிடுகிறது. இவ்வூரார் காஜர் காஸ் என்று சொல்லும் பார்த்தீனியம், நாணல், விலாயதி கீக்கர் என்ற பெயரில் இங்கும் வேரூன்றிவிட்ட நம் ஊர்ச் சீமைக்கருவேல், இவற்றுக்கு நடுவே கொசுவும் பாம்பும். மனைக்கு உரியவர் துபாயிலோ புனாவிலோ இருப்பார். யாராவது வெட்டிக் கொடுத்தால் கூலி தரத் தயார் என்பார். அந்த 'யாராவது' ஆக முன்வந்த ஓர் இளைஞரைப் பற்றித்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல வந்தேன்.

தஞ்சைப் பக்கத்துப் பையன். ஃபரீதாபாதில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, 45 குதிரைசக்தி உள்ள பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிவிட்டார். அதன் பின்னால் எந்த யந்திரத்தைப் பூட்டலாம் என்று கேட்க ஒரு ஞாயிறு காலை என் வீட்டுக்கு வந்தார். "ஸ்லாஷர் மலிவாகக் கிடைக்கிறது, சார். அதுவே போதாதா?" என்றார். கையில் எஞ்சியிருந்த பணம் ஒரே ஒரு யந்திரத்துக்குத்தான் காணும். தேர்வு தவறினால் மறுபடி தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"முதலில் எங்கே வெட்டப் போகிறாய்?" என்று கேட்டேன். பேசி முடித்திருந்த முதல் மனை ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரை ஒட்டியது என்றார். எனக்கு ஸ்லாஷர் வேண்டாம் என்று அப்போதே தோன்றிவிட்டது.

ஸ்லாஷர் என்பது தரைக்கு இணையாகச் சுழலும் இரண்டு மூன்று கனத்த கத்திகள், மேலே ஓர் இரும்புக் கூடு, நடுவே ஒரு கியர் பெட்டி. அவ்வளவுதான். கத்திகள் கீலில் தொங்குவதால் கல்லோ கட்டையோ தட்டினால் பின்வாங்கிக்கொள்ளும். பழுது குறைவு; கொல்லன் பட்டறையிலேயே சாணை பிடித்துக்கொள்ளலாம். வயல்வெளிக்கும் தோப்புக்கும் இதைவிடச் சிக்கனமானது இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்திகள் 5 அடி வட்டத்தில் நிமிஷத்துக்கு 900 முறை சுழல்கின்றன என்று வைத்துக்கொண்டால், கத்தி நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அந்த நுனியில் அகப்பட்ட செங்கல் துண்டு எங்கே போய் விழும் என்று யாரால் சொல்ல முடியும்?

நான் பார்த்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் என் மேற்பார்வையில் ஒரு மைதானத்தில் ஸ்லாஷர் ஓடியபோது, நாற்பது தப்படி தள்ளி நின்ற காரின் பின்கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. சற்று முன்புதான் அந்த வழியே ஒரு குழந்தை சைக்கிளில் போயிருந்தது. கூட்டின் பின்புறச் சங்கிலித் திரையைக் கழற்றி வைத்திருந்தார்கள், நானும் கவனிக்கவில்லை.

வீடுகளுக்கு இடையிலுள்ள மனைக்கு ஏற்றது ஃபிளெயில் என்ற வகை. இதில் ஒரு நீண்ட உருளையின் மேல் சிறு சிறு கத்திகள் வரிசையாகத் தொங்கும். சுழலும் வட்டம் சிறியது. நுனி வேகமும் குறைவு. வெட்டியதைக் கூட்டுக்குள்ளேயே தூளாக்கிப் பின்னால் உருளும் உருளைக்கு முன் உதிர்த்துவிடுகிறது. கல் அறவே பறக்காது என்பதற்கில்லை. பறப்பது வெகு குறைவு. குறைகளும் உண்டு. விலை கூடுதல். அடிக்கு அடி அதிகச் சக்தியை உறிஞ்சும். காலி மனைகளின் சாபமான கம்பி, கந்தல் துணி, பிளாஸ்டிக் சாக்கு இவை உருளையில் சுற்றிக்கொண்டால் யந்திரத்தை நிறுத்தி, அணைத்து, கையால் அறுத்து எடுக்க வேண்டும்.

எந்த வகையானாலும், இவ்வளவு டிராக்டருக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்த தண்டை வெட்டச் சொல்வது கொடுமை. தில்லியில் சட்டமும் ஏறக்குறைய அங்கேதான் கோடு கிழிக்கிறது. 1994-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் தடிமனும் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் அது மரம், அனுமதியின்றித் தொடலாகாது. கீக்கரையும் புதர்தானே என்று நினைத்துவிடக் கூடாது.

பிறகு இருவருமாக டிராக்டரைப் போய்ப் பார்த்தோம். விற்பவர்கள் சொல்லும் 45 என்பது எஞ்சினின் சக்தி. பி.டி.ஓ. என்னும் பின்புறச் சுழல்தண்டுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. வெட்டும் யந்திரத்துக்குக் கணக்கு இதுதான். மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் பயிற்சி, சோதனை நிலையத்தின் அறிக்கைகளில் மாடல்வாரியாக இந்த எண்ணைக் காணலாம். அடுத்து, பின்சக்கரங்களின் வெளி அகலத்தை அளந்தோம். ஆறடிக்குச் சற்றுக் குறைவு. யந்திரம் இதைவிட ஒடுங்கியிருந்தால் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் படுத்து, மறுநாள் எழுந்து நிற்கும். ஆறடி யந்திரம் அந்த டிராக்டருக்குப் பாரம். ஆகவே ஐந்தரை அடியில், ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துக்கொள்ளத்தக்க ஒன்றைத் தேடச் சொன்னேன். சுவரோரம் வெட்டவும் அதுவே சௌகரியம்.

கிளச்சைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஒற்றைக் கிளச்சு டிராக்டரில் கிளச்சை மிதித்தாலும், சுழலும் உருளையின் வேகமே சக்கரத்தை முன்னே தள்ளிக்கொண்டு போகும். பிரேக் பிடித்தும் வண்டி சுவரில் மோதுவது இப்படித்தான். ஒரு திசையில் மட்டுமே சக்தியைக் கடத்தும் இணைப்பு இடையே இருக்கிறதா என்று பார்த்த பின்பே பணத்தை எண்ண வேண்டும். சுழல்தண்டின் மேலுறையும் அப்படியே. தோளில் துண்டோ, மடித்துக் கட்டிய கைலியோ அந்தத் தண்டில் பட்டால், ஆளை இழுத்துவிடும். கையை எடுக்க அவகாசம் இராது.

வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார் என்றும் சொன்னேன். வைக்கோலை எரிக்காமல் தடுப்பதற்காக 2018 முதல் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மானியத்தில் ஏராளமான மல்ச்சர்கள் வந்திருக்கின்றன. அவையும் ஃபிளெயில் இனமே. அறுவடையான அக்டோபர், நவம்பர் நீங்கலாக மற்ற மாதங்களில் வாடகை நிலையங்களில் அவற்றுக்கு வேலை குறைவு.

கூலிக்கணக்கில் அவர் ஏமாற இருந்தார். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தரை அடி யந்திரம் 4000 சதுர கஜம் வெட்டும். அதாவது 200 கஜ மனை மூன்று நிமிஷ வேலை! காகிதத்தில்தான். திருப்புவதும் மூலைக்குப் பின்னோக்கிப் போவதும் அரைமணி கொள்ளும். சாலையில் வந்துசேர அதைவிட அதிகம். கஜக்கணக்கை விட்டு, ஒரு வருகைக்கு இவ்வளவு என்று பேசச் சொன்னேன். வேளாண்மைக்கென்று பதிவான டிராக்டரைக் கூலிக்கு ஓட்டுமுன் பதிவையும் காப்பீட்டையும் விசாரிக்கவும் சொன்னேன்.

இன்னொன்றையும் மனைக்காரரிடம் மறைக்கலாகாது. வெட்டுவதால் நாணல் சாகாது. மத்திய இந்தியாவில் காஸ் என்னும் அந்தப் புல் ஆக்கிரமித்த நிலங்களை மீட்க, 1949-இல் உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் பெற்று நம் அரசாங்கம் கனத்த டிராக்டர்களை வாங்கிற்று. அவை புல்லை வெட்டவில்லை. ஆழ உழுது வேரைப் புரட்டின. பார்த்தீனியத்தைப் பூப்பதற்குமுன் வெட்டினால் பயன் உண்டு. பூத்தபின் வெட்டினால் யந்திரமே விதையை அடுத்த மனைக்குச் சுமந்து செல்லும். கழுவிவிட்டுத்தான் நகர வேண்டும்.

இளைஞர் ஃபிளெயிலையே வாங்கினார். பள்ளிக்கூட மனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, ஒரு கோலும் இரண்டு சாக்குமாகக் காலையில் முதலில் நடந்தே சுற்றிவந்திருக்கிறார். டிராக்டரைக் கிளப்புமுன் சாக்குகளில் சேர்ந்தவை முப்பதுக்கு மேற்பட்ட செங்கல் துண்டுகள், துருவேறிய முள்கம்பிச் சுருள் ஒன்று, ஒரு கட்டில் கால்.