முதல் வருடம்: பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும்?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் சாரல் காலக் கூட்டத்தில், வெளிநாடு செல்லும் மாணவர்களின் பெற்றோருக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில்தான் நம் வீடுகளில் விசா வேலையும் நடக்கிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் என்றால் ஆகஸ்ட் கடைசியில் பிள்ளை கிளம்பியாக வேண்டும். எந்த நாடு, எந்தப் படிப்பு, எவ்வளவு கடன் என்பதையெல்லாம் நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். நான் பேச வந்தது, போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் பன்னிரண்டு மாதங்களைப் பற்றி.

சென்னையில் படிக்கிற பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால் எழும்பூரில் பொதிகை ஏறி, காலையில் தென்காசியில் இறங்கிவிடலாம். கடல் தாண்டிப் போன பிள்ளைக்கு அந்த வழி இல்லை. அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார் என்ற நினைப்பு வேறு. எனவே போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும்.

கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கினார். வயது 26. சேர்ந்தது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. சைவச் சாப்பாடு கிடைக்காமல் தானே சமைத்துக்கொண்டார். சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது, காய்கறிக்கும் தட்டுப்பாடு. ஊரிலிருந்து புளியும் தேங்காய் எண்ணெயும் அனுப்பச் சொல்லி நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த கல்கத்தா மாணவர் மகலனோபிஸ் ஒருநாள் அவரைப் பார்க்கப் போனார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான். ராத்திரி குளிரைத் தாங்க முடிகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குவதாக ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் வேண்டிய அளவுக்கு இருந்தன. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி மெத்தையைச் சுற்றி இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தார்கள். கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் செய்து காட்டினார்.

உலகமே வியந்த மூளை அது. ஆனாலும் ஒருவர் கேட்டு, உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் கம்பளி பயன்பட்டது. சாரலில் நனைந்து வளர்ந்த நம் பிள்ளைகள் குளிர் நமக்குப் பழக்கம்தானே என்று நினைப்பார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு நடுங்குவது அரை மணி நேரம். அங்கே அது நான்கைந்து மாதம். பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். டிசம்பரில் மாலை நான்கு மணி வாக்கிலேயே இருட்டிவிடும். அந்த நாட்களில்தான் வீட்டு ஞாபகம் அதிகமாக வாட்டும்.

எனவே "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன சாப்பிட்டே, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டே, ராத்திரி எதைப் போர்த்திக்கிட்டுத் தூங்கினே, எந்தப் பாடம் புரியவில்லை, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த வாரம் மறுபடி "நல்லா இருக்கேன்" வந்துவிடும். பகுதிநேர வேலைச் சம்பளத்தை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மீறினால் விசாவுக்கே ஆபத்து.

இன்னொரு விஷயம், சொல்லக் கஷ்டமானது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். வயது 19. போன இடம் அதே டிரினிட்டி. கிளம்பும்போது அம்மா சீதாலட்சுமி நோயில் இருந்தார்; மகன் போகத்தான் வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். 1931 மே மாதம், மகனின் முதல் வருடம் முடிவதற்குள், அம்மா காலமானார். அம்மாவின் முகத்தை மகனால் பார்க்க முடியவில்லை. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த இழப்பை எந்தப் பரிசும் ஈடு செய்யாது.

இன்று விமானம் இருக்கிறது. ஆனால் "பரீட்சை முடியட்டும், இப்போது சொல்ல வேண்டாம்" என்று நாமே மறைக்கிறோம். தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பது பிள்ளைக்குக் கடைசியில் தெரிந்தால், பிறகு நாம் "எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அதற்குச் சந்தேகம் வரும். கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்: வீட்டில் எது நடந்தாலும் அன்றைக்கே சொல்வோம், நீயும் அப்படியே சொல்ல வேண்டும் என்று. ஒரு திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தை எதற்கும் தொடாமல் தனியாக வையுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் பிள்ளையின் விவரத்தைப் பதிவு செய்யுங்கள். 2022-இல் உக்ரைன் போரின்போது, நம் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தூதரகத்துக்குத் தெரிவது எவ்வளவு முக்கியம் என்று பார்த்தோமே.

கடைசியாக, நம் குடியிருப்புக்கு மூன்று வேண்டுகோள். ஏற்கெனவே போய் வந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, போகப்போகிறவர்களோடு ஒரு மாலை பேசட்டும். அவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் குளிர்கோட்டுகளையும் பெரிய பெட்டிகளையும் சங்க அறையில் ஒரு அலமாரியில் வைத்தால், அடுத்தவர் எடுத்துப் போய்ப் பயன்படுத்தலாம். மூன்றாவது, பிள்ளையை அனுப்பிவிட்டு இருவராக, சில வீடுகளில் ஒருவராக, இருக்கும் பெற்றோரை மறக்காதீர்கள். அவர்களுக்கும் அது முதல் வருடம்தான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகாமல், உள்ளே வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகட்டும்.

பிள்ளைகள் அனைவரும் நல்லபடியாகப் போய், நன்றாகப் படித்துத் திரும்ப வாழ்த்துகிறேன்.