முடக்குவாதமும் வாழும் சூழலும்



மூட்டுவலி என்றதும் அது முதுமையின் துணை என்று எண்ணுவது உலக வழக்கம். முடக்குவாதம் அத்தகையதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் விளையும் நோய் இது. பெரும்பாலும் 30 முதல் 60 வயதிற்குள் தோன்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. விரல், மணிக்கட்டு, முன்பாதம் ஆகியவற்றின் சிறு மூட்டுகள் இருபுறமும் வீங்கும். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ கை விறைத்து நிற்கும்.

புனே நகருக்கு அருகிலுள்ள பிக்வான் என்னும் ஊரில் 1996-இல் தொடங்கிய கணக்கெடுப்பில், வயது வந்தோருள் ஏறத்தாழ இருநூற்றுவர்க்கு ஒருவர் என்னும் அளவில் இந்நோய் காணப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேர். இவர்களுள் வயது வந்தோர் 9 லட்சம் எனக் கொண்டு அவ்விகிதத்தைப் பொருத்தினால், இரு மாவட்டங்களிலும் சுமார் 4,500 பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் எனலாம்.

நோய் தொடங்கிய முதற்சில மாதங்களிலேயே முறையான மருத்துவம் கிடைத்தால் மூட்டு சிதையாமல் காக்கலாம். சிதைந்த எலும்பு மீண்டும் பழைய நிலைக்கு வாராது. ஆகவே, மருத்துவரை எப்போது அடைகிறார் என்பதே ஒருவரின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. அந்த நேரத்தை முடிவு செய்பவையோ வருவாய், தொழில், தொலைவு, கல்வி, குடும்பத்தில் ஒருவர்க்குள்ள மதிப்பு ஆகியன.

பெரம்பலூர் வட்டாரத்தில் பருத்தி எடுப்பதும், சின்ன வெங்காயத்தின் தாள் அரிவதும், அரியலூர்ப் பகுதியில் முந்திரிக்கொட்டை உடைப்பதும் விரல் நுனிகளால் செய்யும் வேலைகள். பெரும்பாலும் பெண்கள் செய்பவை. விடியலில் விரல் மடங்காதவர், விடியலில் தொடங்கும் வேலைக்குச் செல்ல இயலாது. சென்றாலும் எடைக்குக் கூலி என்றால் ஈட்டுவது குறைவு. கூலி குறையும்போது முதலில் நிற்பது மருத்துவச் செலவு. மருந்து நின்றால் நோய் முற்றுகிறது. நோய் முற்றினால் கூலி மேலும் குறைகிறது. வறுமையும் வாதமும் ஒன்றையொன்று வளர்க்கும் முறை இதுவே.

கல்லுடைக்கும் இடங்களில் எழும் சிலிக்காத் தூசும் புகைபிடித்தலும் இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெளிந்த உண்மை. கல்குவாரித் தொழிலாளர்க்கு முகக்கவசமும் தூசு படிய நீர் தெளித்தலும் இதனால் இன்றியமையாதவை.

அடுத்தது தொலைவு. பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். சிறப்பு மருத்துவரைக் காணச் செல்லும் நாளில் நோயாளியின் கூலியும் துணைக்குச் செல்பவரின் கூலியும் போகின்றன. ஆதலால் பலர் அருகிலுள்ள கடையில் வலி மாத்திரை வாங்கி நாளைக் கடத்துகின்றனர். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி உடனே தணியும். நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். மூட்டோ உள்ளே தொடர்ந்து சிதையும்.

எழுத்தறிவும் இங்கே உயிர் காப்பது. இந்நோய்க்கு முதன்மையாகத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத் தக்கது. நாள்தோறும் உண்டால் உயிர்க்கே கேடு. மாத்திரை உண்ணும் கிழமையை உறைமேல் பெரிதாக எழுதித் தருவதும், படித்த பிள்ளை ஒருவர் அதை நினைவூட்டுவதும் சிறு செயல்கள், பயனோ பெரிது. கருவுற விரும்பும் பெண், மருத்துவரிடம் கூறி இம்மருந்தை முன்னரே நிறுத்திக்கொள்ள வேண்டும். திருமணத்தின்போது நோயை மறைத்த குடும்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே அப்பெண்ணுக்கு வாய்ப்பில்லாமற் போகிறது. வீக்கம் வெளியில் தெரியாத நாளில் அவளைச் சோம்பேறி என்று பழிப்பதும் நோயினும் கொடிது.

வழிகள் இல்லாமல் இல்லை. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாயிலுக்கு வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இயக்கக் குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதவர் சான்று பெற்று நலத்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

அறம் செய்வோர் ஆற்றத்தக்கதும் உண்டு. நால்வகைத் தானங்களுள் ஔடத தானம் ஒன்று. மருந்துச்சீட்டு கையிலிருந்தும் பேருந்துக் கட்டணம் இல்லாதவர்க்கு அக்கட்டணமே ஔடதம். உடன் செல்ல ஆளற்றவர்க்குத் துணையாக ஒரு நாளைத் தருவதும், இரத்தப் பரிசோதனைக்கு உதவுவதும், குடத்தைத் தூக்கித் தருவதும் அத்தானத்தின் பகுதிகளே. கை விறைக்கும் ஒரு தாயை முதல் ஆறு மாதத்திற்குள் மருத்துவரிடம் சேர்த்தால், அவர் கை முப்பது ஆண்டு உழைக்கும். அவர் பிள்ளைகளின் படிப்பும் நிலைக்கும். தத்தம் தெருவில் அத்தகையோர் எவர் என்று இன்றே வினவத் தொடங்குதல் நன்று.