வெண்மணியும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இச்சபையில் நம் முன்னோர் பெருமையையும் நம் குழந்தைகளின் கல்வியையும் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் செவிக்கு இனியதன்று. எனினும், காவேரி பாய்ந்த கழனியின் நெல்லை உண்டு வளர்ந்த நாம் இதனைப் பேசாதிருத்தல் தகாதென்று துணிந்தேன்.

1968-ம் வருஷம் டிசம்பர் மாதம் 25-ந் தேதி இரவு, அக்காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்ததும் இப்போது நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்ததுமான கீழ்வெண்மணியில், ஆதிதிராவிட விவசாயத் தொழிலாளரின் குடிசைகள் தாக்கப்பட்டன. அஞ்சி ஓடியவர்கள் ஒரு சிறு குடிசையிற் புகுந்தனர். அக்குடிசை தீக்கிரையாயிற்று, 44 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலார் பெண்டிரும் குழந்தைகளுமே. அவர்தம் குடும்பத்தார் கூலி நெல்லை உயர்த்தக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததுமே பகைக்குக் காரணம். பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952-லேயே சட்டம் பிறந்திருந்தும், களத்து மேட்டில் பழைய வழக்கமே ஆட்சி செய்தது.

வழக்கு நடந்தது. 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு, நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குப் பத்து வருஷச் சிறை விதித்தது. 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. செல்வந்தர்களான மிராசுதார்கள் தாமே நடந்து சென்று தீயிட்டிருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம் பெற்றது. அதே இரவில் மிராசுதார் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் கொலையுண்டார். அவ்வழக்கில் தொழிலாளர் சிலர் தண்டனை பெற்றனர். நாற்பத்து நான்கு உயிர்களுக்கோ ஒருவரும் பொறுப்பாகவில்லை.

இத்தகைய முடிவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கறுப்பு மக்களின் வாக்குரிமைக்காகக் கிளர்ச்சி நடந்தபோது, ஜேம்ஸ் ரீப் என்னும் வெள்ளைக்காரப் பாதிரியார் அவர்களோடு நிற்க ஸெல்மா நகருக்குச் சென்றார். 1965-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி அங்கே அடிக்கப்பட்டு 11-ந் தேதி உயிர் நீத்தார். குற்றஞ்சாட்டப்பட்ட மூவரும் அவ்வருஷ டிசம்பரிலேயே விடுதலையாயினர். ஒரு சமூகம் தன்னவரைக் காக்கத் துணிந்துவிட்டால் சாட்சியும் சட்டமும் மெலிந்துபோம் என்பதற்கு ஸெல்மாவும் வெண்மணியும் சான்றாம்.

நிற்க. என் பாட்டனாருக்கும் அவ்வட்டாரத்தில் நிலமுண்டு. வெண்மணி என்ற சொல் எழுந்தால் எங்கள் திண்ணையில் பேச்சு நின்றுவிடும். சிறுவனாகிய யான் காரணம் வினவியபோது, "கோர்ட்டே விட்டுவிட்டது, நமக்கென்னடா?" என்றார். அவர் நல்லவர், பசித்து வந்தவருக்கு இல்லையென்று சொல்லியறியார். ஆயினும் அம்மறுமொழி பிழையென்று இன்று இச்சபையிற் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இன்னார் செய்தார் என்பதற்கு ருசு போதாது என்று மட்டுமே கோர்ட்டு சொல்லக்கூடும். நாற்பத்து நான்கு பேர் எரிந்தது பொய்யென்று எக்கோர்ட்டும் சொல்லவில்லை. குற்றவாளி அகப்படாத கொலை ஊர் முழுமைக்கும் கடனாக நிற்கின்றது. 1980-ல் கோபாலகிருஷ்ண நாயுடுவும் கொலையுண்டார். அதனாலும் அக்கடன் தீரவில்லை; பழி வாங்குதல் நியாயமாகாது.

அன்பர்களே! அன்று நிலமுடையோர் திரண்டதும் ஒரு சங்கத்தின் பெயராலேதான். சங்கம் என்பது பலம். அப்பலம் எளியவனுக்கு ஒரு படி நெல் கூடுதலாக அளக்கவும் உதவும். அளக்க மறுக்கவும் உதவும். நம் சங்கம் எதற்கு உதவப்போகின்றது?

ஆகவே மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். டிசம்பர் 25-ந் தேதி இம்மண்டபத்தில் மாண்ட நாற்பத்து நால்வரின் பெயர்களையும் வாசித்து, எழுந்து நின்று மௌனம் அனுஷ்டிப்போமாக. நம் நிலத்தில் உழைப்பவர் எச்சாதியாராயினும், கூலியிலும் தண்ணீர்க் குவளையிலும் வேற்றுமை காட்டுவதில்லையென்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளட்டும். நம் பிள்ளைகள் கேட்டால், என் பாட்டனார் சொன்ன விடையைச் சொல்லாது, நடந்ததை நடந்தபடி சொல்வோமாக.

உண்மையை ஒப்புக்கொள்வதால் நம் குலப்பெருமை குறையாது. மறைப்பதாலேயே குறையும்.