வெள்ளத்தில் நின்ற வண்டி

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. அந்த மாதங்களில் தோட்டப்புறச் சாலைகளின் நிலையை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செம்பனைக் காட்டு வாய்க்கால் நிரம்பிச் சிறு பாலத்தின் மேல் நீர் ஏறிவிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். பாட்டியை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். துணிந்து காரை இறக்குகிறோம். அது நடுவிலே நின்றுவிடுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான், உலு லங்காட் வட்டாரங்களிலும் வெள்ளம் புகுந்தபோது பட்டறைகளின் வாசலில் கார்கள் வரிசை பிடித்து நின்றன. அப்படி நின்றுபோன காரில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டறியும் முறையை இன்று காண்போம்.

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் மக்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வழியில் கார் நின்றால், கேட்காமலே நான்கு பேர் ஓடிவந்து கை கொடுப்பார்கள். "ரெண்டாவது கியரப் போடுங்கண்ணே, தள்ளுறோம்!" என்பார்கள். வேறு நாளில் இது பேருதவி. தண்ணீரில் நின்ற காருக்கோ இதுவே எமன். காரை மேட்டுக்குத் தள்ளுங்கள். ஆனால் கியரில் போட்டுத் தள்ள வேண்டாம். சாவியையும் திருக வேண்டாம்.

காரணம் என்ன? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி இடம் கொடுக்கும். அதே பம்பில் தண்ணீரை நிரப்பி அழுத்தினால் கைப்பிடி அசையாது. பெட்ரோல் இயந்திரம் தான் இழுக்கும் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. டீசல் இயந்திரம் அதைவிட அதிகமாக நெருக்கும். காற்று வரும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டனால் மேலே வர முடியாது. கீழிருந்து அதைத் தள்ளும் தண்டு வளைந்துவிடும். மெதுவாக ஓடிக்கொண்டிருந்து நின்ற இயந்திரத்தில் அந்த நேரம் வரை சேதம் இல்லாமலும் இருக்கலாம். பிறகு நாம் சாவியைத் திருகுகிறோமே, அதுதான் தண்டை வளைக்கிறது. சில வெள்ளி செலவில் தீர வேண்டிய காரியம் இயந்திரத்தையே மாற்றும் அளவுக்குப் போய்விடுகிறது. மாதச் சம்பளத்தில் கார்த் தவணை கட்டும் குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய அடி!

ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி வையுங்கள். பிறகு, கார் எப்படி நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். திக்கித் திணறி, இருமி இருமி நின்றதா? அப்படியானால் மின்சாரப் பகுதியில் ஈரம் பட்டிருக்கலாம். 'டக்'கென்று ஒரே அடியாக நின்றதா? அப்படியானால் உள்ளே தண்ணீர் போயிருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம். காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாள் நனைந்திருந்தால் சந்தேகமே இல்லை. அடுத்து எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் தேத்தாரே நிறத்தில் இருந்தாலோ, அளவு கூடியிருந்தாலோ தண்ணீர் கலந்துவிட்டது. ஒரு நுணுக்கம்: தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். ஆகவே அளவுகோல் சுத்தமாகத் தெரிந்தாலும் ஏமாறக் கூடாது. ஓர் இரவு விட்டு, அடியிலுள்ள வடிதிருகைச் சற்றே தளர்த்தினால், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

இரண்டும் நன்றாக இருந்தால் மின்சாரப் பக்கம் வாருங்கள். 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இருக்கும். அதைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிளக் கம்பிகளையும் துடையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். புதிய கார்களில் பிளக்குகளின் மேலேயே காயில்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றையும் இணைப்பு முனைகளையும் உலர்த்த வேண்டும்.

வடிகட்டி நனைந்திருந்தால், தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். எரிபொருள் பம்பின் பியூசை எடுத்துவிட்டு, காயில் இணைப்பையும் பிரித்து விடுங்கள். பிறகு இயந்திரத்தைச் சில விநாடிகள் சுழற்றினால் பிளக் துளை வழியே தண்ணீர் பீறிட்டு வரும். முகத்தை அருகில் கொண்டு போகக் கூடாது. சிகரெட் அந்தப் பக்கமே வரக் கூடாது. தண்ணீர் நின்ற பிறகு எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றிவிட்டே பிளக்குகளை மாட்ட வேண்டும். டீசல் வண்டியில் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். உள்ளே இருக்கை வரை மூழ்கிய காரும் அப்படியே.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மகிழ்ந்துவிடாமல் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே தட்டும் ஓசை கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். வளைந்த தண்டோடு கார் சில நாள் ஓடும். பிறகு நெடுஞ்சாலையில் முறியும். பட்டறையில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அங்கே பழுது இருக்கலாம். தானியங்கி கியர் உள்ள காரில் கியர் எண்ணெய் பண்டோங் நிறத்துக்கு மாறியிருந்தால் அதிலும் தண்ணீர்தான்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே கதைதான். பிளக்கைக் கழற்றிவிட்டு மிதியுங்கள், கார்புரேட்டரின் அடித்திருகைத் திறந்து வடியவிடுங்கள், எண்ணெயை மாற்றுங்கள்.

இன்னொன்று. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம், வெள்ளத்துக்கும் பணம் கிடைக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் வெள்ளச் சேதத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்திரத்தை எடுத்து, பள்ளியில் படிக்கும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சேர்த்திருந்தால், எதையும் கழற்றுவதற்கு முன்னே நீர் ஏறிய அடையாளம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.