உணவே மருந்து – ஒரு சாயப்பட்டறை என்ஜினியரின் அனுபவம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உணவே மருந்து" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு சாயப்பட்டறைக்காரனை மேடையேற்றி விட்டார்கள். சித்த வைத்தியர் நிற்க வேண்டிய இடம் இது. ஆனால் இந்த விஷயத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு விலை கொடுத்திருக்கிறோம். அதனால்தான் சரிங்க என்று ஒத்துக்கொண்டேன்.

2018-ல் எங்கள் திருப்பூர் பட்டறைக்குச் சீனாவிலிருந்து ஒரு சாஃப்ட்ஃப்ளோ மெஷின் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு டெக்னீஷியனும் வந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். மே மாத வெயிலில் நாங்களெல்லாம் ஐஸ் வாட்டருக்கு அலைய, அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடிப்பார். விடிகாலையில் மொட்டை மாடியில் நின்று கையையும் காலையும் மெதுவாக ஆட்டி, தட்டிவிட்டுக் கொள்வார். முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை தள்ளி, வெளிப்பக்கமாக ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். வயிற்றுக்கு நல்லதாம். ராத்திரி பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி, இரண்டு காலையும் அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அமராவதி நகரில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அணையையும் முதலைப் பண்ணையையும் காட்டிவிட்டு வந்தால், அம்மா அரிசியும் பாசிப்பயறும் போட்டுச் சுடச்சுடக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாங்க. மனுஷன் இரண்டு கிண்ணம் குடித்தார். பிறகு போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: "எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு இதுதான்." சீனர்கள் குடிக்கும் அந்தக் கஞ்சியை இங்கிலீஷில் 'காஞ்சி' என்கிறார்களே, அந்த வார்த்தையே நம்ம கஞ்சிதாங்க. போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போனது.

அன்று அம்மாவும் அவரும் சமையல்கட்டில் பேசிக்கொண்டதைப் பார்த்திருக்க வேண்டும். பாஷை இல்லை, டப்பாக்கள்தான். இஞ்சி வேறு, சுக்கு வேறு என்கிறோம் அல்லவா, சீன வைத்தியத்திலும் அவை இரண்டு தனித்தனி மருந்து. பாசிப்பயறு குளிர்ச்சி, இஞ்சி சூடு என்பது அங்கேயும் அப்படியே. கோடையில் பாசிப்பயறு வேகவைத்த தண்ணீரைக் குடிக்கிற வழக்கமும் உண்டு. சௌ அரசின் பழைய சடங்கு நூல் ஒன்று அரண்மனை வைத்தியர்களைப் பட்டியல் போடும்போது உணவு வைத்தியரையும் ஒரு தனி வகையாகச் சொல்கிறது. 7-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற வைத்தியர், முதலில் உணவால் குணப்படுத்திப் பார், முடியாவிட்டால்தான் மருந்து என்று எழுதி வைத்தார். பழனியில் நவபாஷாணச் சிலை செய்த போகர் சீனாவுக்குப் போய் வந்தவர் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். அது நம்பிக்கை, வரலாறாக நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த ஞாபகம் வராமல் இல்லை.

அவர் ஊருக்குப் போனபின் நான் பாதிச் சீனாக்காரன் ஆகிவிட்டேன். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வெந்நீர் உபதேசம். அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. 2019 தை மாதக் குளிரில் நான்தான் சொன்னேன்: "ராத்திரி வெந்நீர்ல கால் வெச்சுப் பாருங்கப்பா, ரத்த ஓட்டத்துக்கு நல்லது." அம்மா விறகடுப்பில் சுட வைத்து ஊற்றினாங்க. அப்பா, "சூடே தெரியலை, இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினாங்க.

காலையில் பாதம் கொப்பளித்திருந்தது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் போட்டு ஐந்து நாள் ஓட்டினோம். பிறகு கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் நரம்பு மரத்துப் போகும். "சூடே தெரியலை" என்று அவர் சொன்னபோது பேசியது அந்த வியாதி. தண்ணீர் ஆறிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். வெந்தயத்தை நம்பி மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

பட்டறையில் 60 டிகிரி என்றால் 60 டிகிரி. கொஞ்சம் தவறினாலும் ஷேடு மாறிவிடும் என்று ஆபரேட்டரைத் திட்டுகிறவன் நான். வீட்டில் பக்கெட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் வைக்கத் தோன்றவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தச் சீனாக்காரர் காலை வைக்குமுன் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். ஃபிளாஸ்க் பையிலேயே பிரஷர் மாத்திரை அட்டையும் இருக்கும், தினமும் காலையில் அந்த வெந்நீரோடுதான் விழுங்குவார். இரண்டையும் நான் கண்ணால் பார்த்தவன். அப்பாவிடம் ஃபிளாஸ்க்கைப் பற்றிச் சொன்னேன், மாத்திரை அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

பழைய வைத்தியத்தில் அளவு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். து யூயூ என்ற சீன அம்மையார் மலேரியாவுக்கு ஒரு மூலிகையை ஆராய்ந்தபோது, கொதிக்க வைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. 4-ம் நூற்றாண்டு நூல் ஒன்றைப் புரட்டினார். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றுதான் அதில் இருந்தது, கொதிக்க வை என்று இல்லை. உடனே சுமார் 35 டிகிரியில் கொதிக்கிற ஈதரில் எடுத்துப் பார்த்தார், பலித்தது. அதற்காக 2015-ல் நோபல் பரிசு. நம்ம வள்ளுவரின் 'மருந்து' அதிகாரத்தில் பத்துக் குறள், அதில் ஆறு சாப்பாட்டைப் பற்றித்தான். எது, எவ்வளவு, எப்போது, யாருக்கு என்றுதான் கேட்கிறார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்ம பாட்டிமார் ஆளுக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுத்ததும் அதே கணக்குத்தான். நான் மட்டும் அறுபது வயசுச் சீனாக்காரர் காலுக்குச் சரியானதை அப்படியே அப்பா காலில் ஊற்றினேன்.

நைட் ஷிஃப்டில் டீயும் பன்னுமாக ஓட்டப்போகிற தம்பிகளுக்கு ஒன்று. ஃபிளாஸ்க்கில் சுக்கு வெந்நீர், தூக்குவாளியில் கம்மங்கூழ் கொண்டு போங்க, நானும் அப்படித்தான் போகிறேன். வீட்டுப் பெரியவர்கள் எந்த மாத்திரையை எவ்வளவு போடுகிறார்கள் என்று லீவுக்குப் போகும்போது அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்க.

அப்பா இப்போது மைக்ரோ செல்லுலர் செருப்புப் போட்டுக்கொண்டு அணைப்பக்கம் நடக்கிறார். மாத்திரை முழுசாகப் போடுகிறார், வெந்தயமும் விடவில்லை. குளியலறையில் பட்டறைத் தெர்மாமீட்டர் ஒன்று தொங்குகிறது. குளிக்கத்தான், கால் ஊறவைக்க இல்லை. அதைப் பார்த்து 38 என்று அம்மா வெளியிலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் அவர் முதல் சொம்பு ஊற்றுவார்.