கடற்பாசியும் கண்ணாடித் தொட்டியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் விரிந்து கிடப்பது கொட்டியாற்றுக் குடா. அதன் கரையில் அமைந்தது மூதூர். இலங்கை ஆறுகளுள் நீளத்தால் முதலாவதாகிய மகாவலி கங்கை, மலைநாட்டிலே தோன்றி, வயல்நிலங்களின் ஊடே ஓடி, இக்குடாவிலே கடலொடு கலக்கின்றது. ஆறு வெறும் நீரை மட்டும் கொண்டுவருவதில்லை. வயலுக்கு இட்ட உரத்தின் மிச்சமும் ஊர்களின் கழிவும் உடன் வருகின்றன. அவற்றிலுள்ள நைதரசனும் பொசுபரசும் கடலிலே என்னவாகின்றன? இப்பெரிய வினாவுக்குச் சிறியதொரு கண்ணாடித் தொட்டி விடை கூறவல்லது.

மூதூர்க் கரையில் வாழும் ஒருவர், 100 லீற்றர் கடல்நீர் கொண்ட தொட்டியொன்றிலே சில சிறு மீன்களை வளர்க்கின்றார் என்று கொள்க. நாளொன்றுக்கு அவர் இடும் உலர் உணவு அரைக் கிராம். அதிற் பாதி புரதம். புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நைதரசன் ஆகும். எனவே நாள்தோறும் 40 மில்லிகிராம் நைதரசன் தொட்டிக்குள் புகுகின்றது. அதில் நான்கில் ஒரு பங்கு மீனின் உடலிலே தங்கினும், எஞ்சிய 30 மில்லிகிராம் நீரையே சேரும்.

மீன் வெளிவிடும் அமோனியா நஞ்சாகும். மணலிலும் கல்லிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றின் கொடுமை குறைவு. ஆயினும், ஒட்சிசன் நிறைந்த நீரிலிருந்து அது தானாக வெளியேறுவதில்லை. ஒரு மாதத்தில் 900 மில்லிகிராம் நைதரசன் சேர்ந்துவிடும். நைத்திரேற்றாகக் கணக்கிடின் லீற்றருக்கு ஏறக்குறைய 40 மில்லிகிராம். பொசுபேற்றும் அவ்வாறே பெருகும். விரைவில் கண்ணாடியிலும் கல்லிலும் வழவழப்பான சிறுபாசி படர்ந்து, பவளங்களை மூடிவிடும்.

நீரை மாற்றலாமே எனச் சிலர் வினவுவர். கடல் அருகில் இருப்பது உண்மையே. ஆயின் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் குடாவை நிறைக்கும்போது, கரையோர நீரின் உப்புச் செறிவு குறைந்துவிடும். கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புடைய கடல்நீரில் பழகிய மீனுக்கு அந்நீர் ஒவ்வாது. இத்தகைய வேளையிலே கைகொடுப்பவை பெரும்பாசிகள்.

குதிரைமயிர்க் கற்றை போலச் சிக்குண்டு வளரும் பச்சை நூற்பாசியாகிய கீற்றோமோர்பா, இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. செந்நிறக் கிரசிலேரியாவும் ஏற்றதே. தமிழ்நாட்டுக் கரையிலே கஞ்சிப்பாசி எனப்படுவது இவ்வினத்தைச் சேர்ந்தது. திருகோணமலையின் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பிலும் இவ்வினம் உண்டு. இலங்கைக் கடற்பாசிகளை ஆராய்ந்து 1961ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட அறிஞர் துரைரத்தினம், இத்துறையில் நினைக்கத்தக்கவர். அதே ஆண்டில், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்க்கற்களையும் இயற்கைக் கடல்நீரையும் கொண்டு கடல்மீன் வளர்க்கும் முறையை உலகுக்கு எடுத்துரைத்தார். பின்னர் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ற்றர் ஏடி, பாசியைக் கொண்டு நீரைத் தூய்மை செய்யும் அமைப்பை வகுத்தார்.

செய்முறை எளிது. பெருந்தொட்டிக்கு அருகே ஒரு சிறு அறை அமைத்து, இரண்டிற்கும் இடையே நீர் சுற்றி வரச் செய்தல் வேண்டும். மீன்கள் பாசியை மேய்ந்துவிடாதபடி அதனை அச்சிறு அறையிலே வளர்த்தல் நன்று. பெருந்தொட்டி இருண்டிருக்கும் இரவிலே பாசியறைக்கு விளக்கேற்றினால், ஒளித்தொகுப்பு நிகழ்ந்து, இரவில் நீரின் காரத்தன்மை தாழ்வது தடைப்படும்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்றுண்டு. பாசி வளர்ந்துவிட்டால் நீர் தூய்மையாயிற்று என அவர்கள் எண்ணுகின்றனர். பாசி உணவுச்சத்தை அழிப்பதில்லை. தன் உடலிலே சேமிக்கின்றது. அந்தச் சேமிப்பைக் கை எடுத்து வெளியேற்றினாலன்றிக் கணக்குத் தீராது. 100 கிராம் ஈரப்பாசியில் 10 கிராம் உலர்பொருளும், அதில் 3 சதவீதம் நைதரசனும் உள்ளன என்று கொண்டால், 300 மில்லிகிராம் நைதரசன் அதனுள் அடங்கும். எனவே மேற்கூறிய தொட்டியிலிருந்து மாதத்திற்கு 300 கிராம், அதாவது வாரத்திற்கு ஏறக்குறைய 70 கிராம் பாசியை அகற்றுதல் வேண்டும். அகற்றாது விட்டால், அடியிலுள்ள பாசி ஒளியின்றி அழுகி, உண்டதையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். கோலேர்ப்பா என்னும் பாசியோ, இனப்பெருக்க வேளையில் ஒரே முறையில் தன் உள்ளீட்டை நீரிலே கொட்டி, வெண்ணிறக் கூடாக எஞ்சிவிடும். அகற்றிய பாசியை உப்புப் போகக் கழுவி, எருக்குழியில் இடலாம். கடலில் எறிதல் ஆகாது. 1984ஆம் ஆண்டில் மொனாக்கோக் கரையருகே காணப்பட்ட கோலேர்ப்பா இனமொன்று, பின்னர் மத்தியதரைக் கடலிலே பல இடங்களிற் பரவிப் பெருந்தொல்லை விளைத்தது.

தொட்டிக்குரிய இவ்விதி கடலுக்கும் பொருந்தும். 2008ஆம் ஆண்டில், சீனாவின் சிங்தாவ் நகரில் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகள் தொடங்குமுன், கரையை மூடிய பச்சைப்பாசி பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் அள்ளப்பட்டது. சத்து மிகுந்த நீரிலே பாசி பெருகுவது இயல்பு. அதனை அள்ளுவதோ பெரும்பாடு.

கொட்டியாற்றுக் குடாவில், கண்டற்காடுகளும் கடற்புற்களும் ஆறு கொணரும் சத்தில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. மீனவர் வலையில் ஏறும் மீனோடு ஒரு சிறு பங்கு கரையேறுகின்றது. எஞ்சியதை வாரந்தோறும் பறித்தெடுக்க அங்கே கை இல்லை. தொட்டியில் அதிகம் இட்டவர் அதிகம் பறித்துத் தம் பிழையைத் திருத்தலாம். குடாவிலே அவ்வாறு திருத்துதல் அரிது. ஆகவே வயலில் உரத்தை அளந்து இடுதலும், கண்டற்காட்டை வெட்டாது காத்தலுமே மூதூர்க் கடலுக்குரிய காப்பாகும்.